யார் யாருக்கு வேண்டியவர்? சொங் காலச் சீன அரசவையின் உறவு வலை

சீன வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள், சொங் வம்சம் ஆண்ட 11-ஆம் நூற்றாண்டுக்கு வந்ததும் இரண்டு பெயர்களைச் சந்திப்பார்கள். ஒருவர் வாங் அன்ஷி, சீர்திருத்தக்காரர். மற்றவர் சிமா குவாங், அந்தச் சீர்திருத்தத்தைக் கடைசிவரை எதிர்த்தவர். விதைப்புக்கு முன் விவசாயிக்கு அரசே பருவத்துக்கு 20 சதவீத வட்டியில் கடன் கொடுக்கலாமா, ஊர்மக்கள் செய்துவந்த கட்டாய ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் வசூலித்துக் கூலிக்கு ஆள் வைக்கலாமா என்பவை சண்டையின் மையத்தில் இருந்த கேள்விகள். 1069-இல் வாங் அன்ஷி அமைச்சரவைக்குள் வந்ததும் அரசவை இரண்டாகப் பிளந்தது. இந்தப் பக்கம் புதுத் திட்டத்தார், அந்தப் பக்கம் பழமைவாதிகள் என்று பாடப்புத்தகம் கோடு போட்டுவிடும்.

கோடு தப்பில்லை. ஆனால் ஆட்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது பல இடங்களில் கலைந்துவிடுகிறது. வாங் அன்ஷியின் சொந்தத் தம்பி வாங் அன்குவோ அண்ணனின் திட்டங்களை வெளிப்படையாகக் குறை சொன்னவர். ஸெங் குடும்பத்தில் தம்பி ஸெங் பு அந்தத் திட்டங்களை வகுத்தவர்களில் ஒருவர்; அண்ணன் ஸெங் கோங், அதே வாங் அன்ஷியின் இளமைக்கால நண்பராக இருந்தும் விலகி நின்றார். கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களை விளக்க முடியாது. அந்தக் கால அதிகாரிகள் ஒருவரோடு ஒருவர் எப்படிக் கட்டுண்டிருந்தார்கள் என்று தெரிந்தால்தான் சண்டையும் புரியும், சண்டைக்கு நடுவே நடந்த விசித்திரமான உதவிகளும் புரியும். இந்தக் கட்டுரை அந்தக் கட்டுகளைப் பற்றியது.

முதல் கட்டு தேர்வுக்கூடத்தில் விழுகிறது. 1057-ஆம் ஆண்டு தலைநகர் கைஃபெங்கில் நடந்த அரசுப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். தலைமைத் தேர்வாளர் ஒவ்யாங் சியூ, அந்தக் காலத்தின் மிகப் பெரிய உரைநடை ஆசிரியர். அந்த ஆண்டு தேறியவர்களில் கவிஞர் சூ தொங்போ, அவருடைய தம்பி சூ சே, மேலே சொன்ன ஸெங் கோங், ஸெங் பு, தத்துவவாதிகளான ஜாங் ஸாய், செங் ஹாவ், பின்னாளில் வாங் அன்ஷியின் வலது கையான லூ ஹுய்சிங் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த 40 ஆண்டுகளின் சண்டைக்காரர்களில் பலர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் தேறியவர்கள் அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒருவருக்கொருவர் ‘அந்த ஆண்டுக்காரர்’. நம்மூர் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் ‘என் பேட்ச்’ என்று சொல்வதைப்போல. எங்கோ தொலைதூர மாவட்டத்தில் பதவியேற்கப் போகிறவர், அங்கே தன் ஆண்டுக்காரர் யாராவது இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிப்பார்.

தேறியவருக்கும் தேர்வாளருக்கும் இடையிலான பந்தம் இதைவிடக் கனமானது. தேர்வாளர் ஆசான், தேறியவர் அவருடைய மாணவர். அவரிடம் ஒரு நாள்கூடப் பாடம் கேட்டிருக்க வேண்டியதில்லை. சொங் பேரரசர்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது. வம்சத்தை நிறுவியவர் 962-இலேயே, தேறியவர்கள் தேர்வாளரை ஆசான் என்று கொண்டாடக் கூடாது என்று ஆணையிட்டார். 973-இலிருந்து கடைசிச் சுற்றை அரண்மனையில் பேரரசரே நடத்தும் வழக்கம் வந்தது. தேறியவர்கள் அனைவரும் இனிப் பேரரசரின் மாணவர்கள் என்பது கணக்கு. விடைத்தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்து தெரியக் கூடாது என்று எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு தாளையும் வேறு தாளில் படியெடுத்தார்கள். தேர்வாளர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். 1057-இல் ஒவ்யாங் சியூவும் சக தேர்வாளர்களும் ஏறத்தாழ 50 நாள் அப்படி அடைபட்டிருந்தார்கள். பொழுது போகாமல் ஒருவருக்கொருவர் கவிதை எழுதிப் பரிமாறிக்கொண்டார்கள்.

இவ்வளவு செய்தும் பந்தம் உள்ளே நுழைந்துவிட்டது. ஒரு கட்டுரை ஒவ்யாங் சியூவை அசத்திவிட்டது. பெயர் தெரியாது, கையெழுத்தும் தெரியாது. இவ்வளவு நன்றாக எழுதக்கூடியவர் தன் மாணவர் ஸெங் கோங்தான் என்று முடிவுகட்டினார். தன் ஆளுக்கே முதலிடம் கொடுத்தார் என்று ஊர் பேசுமே என்று தயங்கி, இரண்டாம் இடத்தில் வைத்தார். மூடியைப் பிரித்தபோது அது சூ தொங்போவின் தாள். தம்பி சூ சே, அண்ணனுக்கு எழுதிய கல்லறை வாசகத்தில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். வேண்டியவருக்குச் சலுகை காட்டுவது மட்டும் உறவு வலையின் வேலை இல்லை. சலுகை என்ற பேச்சுக்கு அஞ்சிக் கையைப் பின்னுக்கு இழுப்பதும் அதன் வேலைதான்.

இரண்டாவது கட்டு சிபாரிசு. கீழ்நிலை அதிகாரி ஒருவர் அடுத்த பெரிய படிக்கு ஏற, வழக்கமாக ஐந்து மேலதிகாரிகள் அவருக்காக எழுதித்தர வேண்டும். எழுதித்தந்தவர் அதோடு கைகழுவிவிட முடியாது. சிபாரிசு செய்யப்பட்டவர் லஞ்சத்திலோ வேறு குற்றத்திலோ சிக்கினால், எழுதித்தந்தவரும் தண்டனை வாங்குவார். ஆகவே நன்கு தெரிந்தவருக்குத்தான் எழுதுவார்கள். வாங்கியவர் அந்தக் கடனை மறக்க மாட்டார், மறந்தால் ஊர் ஏசும். ஊழலைத் தடுக்க அரசு போட்ட விதியே ஆட்களை இறுகக் கட்டிவிட்டது.

மூன்றாவது கட்டு நமக்கு விளக்கமே தேவைப்படாதது: கல்யாணம். வூ சோங் என்றொரு உயர் அதிகாரி. அவருடைய மகன் வாங் அன்ஷியின் மாப்பிள்ளை. ஒரு மகள் ஒவ்யாங் சியூவின் மருமகள். இன்னொரு மகள், வாங் அன்ஷியைக் கடுமையாக எதிர்த்த மூத்த அமைச்சர் வென் யான்போவின் மருமகள். சண்டையின் இரு பக்கத்துக்கும் ஒரே மனிதர் சம்பந்தி! அவர் யார் பக்கம் நின்றார்? சம்பந்தி வாங் அன்ஷியின் திட்டங்கள் மக்களுக்குத் தொல்லை என்று பேரரசரிடமே சொன்னார். உறவுக்காக வளையாதவர் என்று பேரரசருக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. வாங் அன்ஷி 1076-இல் விலகியபோது தலைமை அமைச்சர் பதவி வூ சோங்குக்குக் கிடைத்தது.

இதனால்தான், ‘இன்னார் இன்னாரின் உறவு, ஆகவே இன்ன கட்சி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. உறவு என்பது ஒரு வழி. அந்த வழியே ஆதரவும் போகும், எதிர்ப்பும் போகும், சில சமயம் ஒன்றுமே போகாது.

சரி, எல்லோருக்கும் எல்லோரும் வேண்டியவர்கள் என்றால் ஏன் இதை இவ்வளவு பயங்கரமாகப் பேசினார்கள்? ஏனென்றால் அதிகாரிகள் கோஷ்டி சேர்வது குற்றம். இன்று கட்சி கட்டுவது உரிமை. அங்கே பேரரசர் ஒருவரே மையம். அதிகாரிகள் தங்களுக்குள் சேர்ந்தால் அது அவரிடமிருந்து எதையோ ஒளிப்பதாகவே பொருள்பட்டது. சான்றோர் பிறரோடு கூடுவர், கோஷ்டி கட்ட மாட்டார் என்று கன்பூசியஸே சொல்லியிருந்தார். கி.பி. 166-லும் 169-லும் ஹான் அரசவையில் அலிகள் கை ஓங்கியிருந்தபோது, அவர்களை எதிர்த்த அறிஞர்களைக் கோஷ்டி சேர்த்ததாகச் சொல்லித்தான் சிறையில் தள்ளினார்கள், பதவிக்குத் தடை போட்டார்கள். தாங் வம்சத்தில் நியூ செங்ரு பக்கமும் லீ தேயூ பக்கமும் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டதில் பேரரசர் வென்சோங் சலித்துப்போய், வடக்கே கலகக்காரர்களை ஒழிப்பது சுலபம், அரசவைக் கோஷ்டிகளை ஒழிப்பதுதான் கடினம் என்றார்.

ஒவ்யாங் சியூ இதைத் துணிந்து திருப்பிப் போட்டார். சீர்திருத்தம் பேசிய ஃபான் சோங்யானும் நண்பர்களும் கோஷ்டி என்று பழிக்கப்பட்டபோது, 1044-இல் கோஷ்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பேரரசரிடம் கொடுத்தார். ‘இல்லவே இல்லை, நாங்கள் கோஷ்டி அல்ல’ என்று அவர் மறுக்கவில்லை. ஆமாம், சான்றோரும் சேர்கிறார்கள். அவர்களைச் சேர்ப்பது நெறி. சிறியோரைச் சேர்ப்பது ஆதாயம்; ஆதாயம் தீர்ந்ததும் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வார்கள். ஆகவே உண்மையான கோஷ்டி சான்றோருக்கு மட்டுமே உண்டு, அரசர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஆனால் அது பேரரசர்களுக்குப் பிடிக்கவே இல்லை. ஏறத்தாழ 680 ஆண்டு கழித்து, 1724-இல், சிங் பேரரசர் யோங்செங் இதே தலைப்பில் தானே ஒரு கட்டுரை எழுதி, ஒவ்யாங் சியூ இன்று இருந்து இதை எழுதியிருந்தால் தண்டித்தே திருத்தியிருப்பேன் என்றார்.

கட்டுரையில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. நம் பக்கம் சான்றோர் என்றால் எதிர்ப்பக்கம் யார்? சிறியோர். சிறியோரோடு சமரசம் கிடையாது. இந்த வாதத்தை அடுத்த தலைமுறையில் இரு பக்கமும் எடுத்துக்கொண்டன.

உறவு வலையை எப்படி ஆதாரமாக மாற்றினார்கள் என்பதற்கு 1079-இல் நடந்த வழக்கைப் பார்க்க வேண்டும். சூ தொங்போ அப்போது ஹூசோ மாவட்டத் தலைவர். பேரரசரின் திட்டங்களைக் கவிதையில் கேலி செய்தார் என்று கண்காணிப்பு மன்றத்தார் குற்றம் சாட்டி, அவரைக் கைதுசெய்து தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 130 நாள் காவல். அந்த விசாரணைக் கோப்பு இன்று நமக்குக் கிடைக்கிறது. அதைப் புரட்டும்போது கண்ணில் படுவது: கவிதைகள் பெரும்பாலும் யாருக்கு எழுதப்பட்டனவோ அவருடைய பெயரின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. இன்னாருக்கு எழுதியது, இன்னாரோடு பரிமாறிக்கொண்டது, இந்த வரியால் அவருக்கு என்ன உணர்த்த நினைத்தாய்? அதிகாரிகள் ஒருவர் கவிதைக்கு இன்னொருவர் அதே எதுகையில் பதில் எழுதுவது அன்றாடப் பழக்கம். நட்பின் சாட்சியாக இருந்த அந்தத் தாள்கள் அப்படியே கூட்டாளிகளின் பட்டியலாகிவிட்டன. முடிவில் அவர் ஹுவாங்சோவுக்கு அனுப்பப்பட்டார். கூடவே இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. அரச குடும்பத்து மாப்பிள்ளையான ஓவியர் வாங் ஷென் பட்டம் இழந்தார், நண்பர் வாங் கோங் தெற்குக் கோடிக்கு விரட்டப்பட்டார், லொயாங்கில் ஒதுங்கியிருந்த சிமா குவாங்குக்கும் செப்பு அபராதம்.

அவரைக் காப்பாற்றப் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். வாங் அன்ஷியின் இன்னொரு தம்பி வாங் அன்லி பேரரசரிடம் பரிந்து பேசினார். ஜாங் துன் பேசினார். இவர் வாங் அன்ஷியின் பக்கம் உறுதியாக நின்றவர். ஆனால் 1057 தேர்விலேயே தேறியவர்; தன் குலத்தில் மகன் முறையான ஒருவர் முதலிடம் பெற்றதால் மானக்கேடு என்று அந்தத் தேர்ச்சியை உதறிவிட்டு, 1059-இல் மறுபடி எழுதியவர். இளம் வயதிலிருந்தே சூ தொங்போவின் நண்பர். வேர் வளையாமல் பாதாளம்வரை போகிறது, அதை உறங்கும் நாகம் (பேரரசரின் சின்னமான டிராகன்) மட்டுமே அறியும் என்ற பொருளில் ஒரு மரத்தைப் பற்றி சூ தொங்போ எழுதியிருந்தார். பேரரசர்தானே நாகம், இவர் பாதாளத்து நாகத்தைத் தேடுகிறாரே, இது ராஜத்துரோகம் என்றார் தலைமை அமைச்சர் வாங் குய். நாகம் என்பது அரசரை மட்டும் குறிக்காது, அமைச்சர்களையும் அப்படிச் சொல்வதுண்டு என்று பேரரசர் முன்னிலையிலேயே மறுத்தார் ஜாங் துன். வெளியே வந்ததும் வாங் குய்யை நிறுத்தி, ஒரு குடும்பத்தையே அழிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அது வேறொருவர் சொன்னது என்று வாங் குய் நழுவ, அவருடைய எச்சிலையும் விழுங்குவீர்களா என்று திருப்பிக் கேட்டாராம்.

இதே ஜாங் துன் 1094-இல் தலைமை அமைச்சரானபோது சூ தொங்போவை ஹுய்சோவுக்கும், பிறகு 1097-இல் கடல் கடந்து ஹாய்நான் தீவுக்கும் நாடு கடத்தினார். தம்பி சூ சேயை லெய்சோவுக்கு அனுப்பினார். இடையில் என்ன நடந்தது? 1085-இல் பேரரசர் இறந்து, சிமா குவாங்கின் ஆட்கள் அதிகாரத்துக்குத் திரும்பி, வாங் அன்ஷியின் திட்டங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்தார்கள். ஜாங் துன்னையும் அவமானப்படுத்தி வெளியேற்றினார்கள். அவரைக் கண்டித்து எழுதியவர்களில் சூ சேயும் ஒருவர். நட்பு இருந்த இடத்தில் அடி விழுந்தால் அதன் வலி தனி.

திரும்பி வந்த அந்தப் பழமைவாதிகளும் ஒரே அணியாக நிற்கவில்லை. அவர்களைச் சேர்த்துவைத்தது லொயாங்கில் கழிந்த வனவாசக் காலம். சிமா குவாங் 15 ஆண்டு அங்கே உட்கார்ந்து தன் பெரிய வரலாற்று நூலை எழுதினார்; வென் யான்போ 1082-இல் முதியோர் விருந்து கூட்டி, வந்தவர்களை ஓவியமாகத் தீட்டவும் செய்தார். எதிர்ப்பு அணி உருவானது இப்படிப்பட்ட தோட்ட விருந்துகளில்தான் என்று நினைக்கிறேன். அதிகாரம் கைக்கு வந்த மறுகணம் அதுவே ஊர்வாரியாக உடைந்தது: தத்துவவாதி செங் யீயின் லொயாங் அணி, சூ சகோதரர்களின் சிச்சுவான் அணி, வடபுலத்தார் அணி. 1086-இல் சிமா குவாங் இறந்த சில நாளில் அரசவையில் ஒரு மங்களச் சடங்கு. அதை முடித்துவிட்டு அதிகாரிகள் துக்கத்துக்குப் போகப் பார்க்க, இறுதிச் சடங்குக்குப் பொறுப்பேற்றிருந்த செங் யீ தடுத்தார். அழுத நாளில் கன்பூசியஸ் பாடவில்லை என்று நூலில் இருக்கிறதே என்றார். பாடிய நாளில் அழவில்லை என்று இல்லையே என்றார்கள். சூ தொங்போ செங் யீயின் சடங்குப் பிடிவாதத்தைச் சுடச்சுடக் கிண்டல் செய்தார், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் பகை மாணவர்கள்வரை இறங்கியது.

1102-இல் சாய் ஜிங் என்ற அமைச்சர் அதிகாரத்துக்கு வந்தார். அவருடைய தம்பி வாங் அன்ஷியின் மருமகன். சாய் ஜிங் தன் எதிரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி நாடெங்கும் நிறுத்தச் சொன்னார். 1104-இல் பட்டியல் 309 பேராக வளர்ந்தது. தலைப்புக்கு, சிமா குவாங்கின் ஆட்கள் ஆண்ட யுவான்யூ காலத்தின் கோஷ்டி என்று பொருள். ஆனால் உள்ளே ஜாங் துன் இருக்கிறார், ஸெங் பு இருக்கிறார். வாங் அன்ஷியின் மாணவரான லூ தியென்னும் இருக்கிறார். இவர்கள் யாரும் சிமா குவாங்கின் ஆட்கள் இல்லை. சாய் ஜிங்குக்கு வேண்டாதவர்கள், அவ்வளவுதான். கோஷ்டி என்ற ஒன்று முன்பே இருந்து பட்டியலில் ஏறவில்லை. பட்டியல் போட்டவர்தான் 309 பேரை ஒரு கோஷ்டி ஆக்கினார். அவர்களுடைய வாரிசுகளை அரச குடும்பத்தார் மணக்கக் கூடாது என்றும் ஆணை போட்டார்கள். எந்தக் கட்டுகள் வலுவானவை என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே 1104-இல் வாங் அன்ஷியின் உருவம் கன்பூசியஸ் கோயிலில் இடம்பெற்றது.

சாங்ஆனில் அந்தக் கல்லை வெட்ட அழைக்கப்பட்டவர் அன் மின் என்ற கல்தச்சர். நான் படிக்காதவன், ஆனால் சிமா குவாங் நேர்மையானவர் என்று உலகமே சொல்கிறது, அவரைக் கெட்டவர் என்று வெட்ட மனம் வரவில்லை என்றார். அதிகாரி மிரட்டினார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டு, அடியில் தச்சர் பெயர் போடும் இடத்தில் தன் பெயரை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினார். அரசாங்கத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் இந்தத் தச்சரின் பேச்சு இடம்பெற்றிருக்கிறது. 1106-இல் வால்நட்சத்திரம் தோன்றியதும் பேரரசர் பயந்து கற்களை உடைக்கச் சொன்னார். ஆனால் 1198-இல், பட்டியலில் இருந்த லியாங் தாவ் என்பவரின் கொள்ளுப்பேரன் குய்லின் குகையொன்றில் அதே பட்டியலை மறுபடி வெட்டிவைத்தார். அதற்குள் அது பெருமைக்குரிய வம்சச் சான்றாகிவிட்டது.

சூ தொங்போவும் ஜாங் துன்னும் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1100-இல் ஆட்சி மாறியது; அடுத்த ஆண்டு ஜாங் துன் லெய்சோவுக்கு நாடு கடத்தப்பட்டார். சூ தொங்போ திரும்பி வந்துகொண்டிருந்தார். ஜாங் துன்னின் மகன் ஜாங் யுவான், 1088 தேர்வில் சூ தொங்போ தலைமைத் தேர்வாளராக இருந்தபோது தேறியவர். அதாவது அவருடைய மாணவர். அப்பாவை மன்னிக்கும்படி பயந்து பயந்து ஒரு கடிதம் எழுதினார். 1101-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், சூ தொங்போ பதில் எழுதினார். உங்கள் தந்தையும் நானும் 40 ஆண்டுக்கு மேலான நண்பர்கள், இடையில் எங்கள் வழிகள் சற்று வேறுபட்டன, நட்பில் கூடுதலுமில்லை குறைவுமில்லை என்றார். லெய்சோவில் விஷக்காய்ச்சல் அவ்வளவாக இல்லை, என் தம்பி ஓராண்டு நலமாக இருந்தான், வீட்டு மருந்துகளை நிறையக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தாருக்கும் உதவும் என்றார். அந்தத் தம்பியை அங்கே அனுப்பியவர் ஜாங் துன்தான்.

அறிஞர்களின் விவாதங்களும் இதே வலையில்தான் நடந்தன. தெற்கு சொங் காலத்தில், அதாவது வடசீனத்தை இழந்து அரசு தெற்கே ஒதுங்கிய பிறகு, ஜூ ஷிக்கும் லூ ஜியூயுவானுக்கும் இடையில் பெரிய கருத்து வேறுபாடு: நூல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நெறியை அடைவதா, மனத்தை முதலில் தெளிவாக்குவதா? 1175-இல் வாத்து ஏரி மடத்தில் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்தவர் லூ ஸுசியென். ஜூ ஷிக்கு இவர் நெருங்கிய நண்பர். லூ ஜியூயுவான் தேறிய 1172 தேர்வில் இவர் ஒரு தேர்வாளர். இரண்டு பக்கமும் மறுக்க முடியாத ஒருவர் நடுவில் இருந்ததால்தான் அந்தச் சந்திப்பே நடந்தது. ஒத்துப்போகவில்லை என்றாலும் உறவு அறுந்துவிடவில்லை. 1181-இல் ஜூ ஷி தன் கல்விக்கூடத்துக்கு லூ ஜியூயுவானை அழைத்துப் பேசவைத்து, அந்தப் பேச்சைக் கல்லில் பொறித்தார். அதே ஆண்டு லூ ஸுசியென் இறந்தார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

1190-களில் ஹான் துவோசோ அதிகாரத்தைப் பிடித்து, ஜூ ஷியின் சிந்தனையைப் ‘போலிக் கல்வி’ என்று தடைசெய்தார். 59 பேர் கொண்ட பட்டியல் வந்தது. அதில் ஜூ ஷியும் இருக்கிறார், லூ ஜியூயுவானின் மாணவர்கள் யாங் ஜியென், யுவான் சியேவும் இருக்கிறார்கள், இரு பக்கத்தோடும் ஒத்துப்போகாத யே ஷியும் இருக்கிறார். யே ஷி 1188-இல் ஜூ ஷி தாக்கப்பட்டபோது அவருக்காக மனு எழுதியவர்; கருத்து வேறு, நியாயம் வேறு என்று நினைத்தவர். பட்டியல் போட்டவர்களுக்கு அந்த வேறுபாடுகள் தேவைப்படவில்லை.

1200-இல் ஜூ ஷி இறந்தபோது, நாலா திசையிலிருந்தும் அவருடைய ஆட்கள் கூடிவிடுவார்கள், உள்ளூர் அதிகாரி கட்டுப்படுத்த வேண்டும் என்று அரசவையில் மனு போட்டார்கள். அப்படியும் பலர் போனார்கள். தடை 1202-இல் தளர்ந்தது. அவருடைய மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் கல்விக்கூடம் கட்டினார்கள், உரைகளைப் பதிப்பித்தார்கள், பதவிகளுக்கு வந்தார்கள், ஒருவரையொருவர் சிபாரிசு செய்தார்கள். 1241-இல் பேரரசர் லீசோங், ஜூ ஷியைக் கன்பூசியஸ் கோயிலில் சேர்த்தார். அதே வேளையில் வாங் அன்ஷியை அங்கிருந்து அகற்றினார்.